தெருவோர ஸ்டுடியோ கட்டியது சரி, நிகழ்ச்சியை நிறுத்தியதுதான் ஆறவில்லை

கேள்வி: நியூயார்க்கின் பொதுத் தொலைக்காட்சி நிலையமான டபிள்யூஎன்இடி (சேனல் 13), 2010-ல் நல்ல நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டுத் தெருவோரத்தில் கண்ணாடி ஸ்டுடியோ அமைத்ததே, அது சரியா?

அந்தச் சேனலைப் பல வருடம் விடாமல் பார்த்தவன், வருடா வருடம் சந்தா கட்டி அவர்கள் தரும் துணிப்பையை வாங்கி வந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஸ்டுடியோ சரி. நிறுத்திய நிகழ்ச்சிகளில் ஒன்றுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பலர் மூத்த பத்திரிகையாளர் பில் மோயர்ஸின் வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியைச் சொல்லி வருத்தப்படுவார்கள். அவர் ஓய்வெடுப்பதாகத் தானே முன்கூட்டி அறிவித்துவிட்டுத்தான் 2010 ஏப்ரல் 30 அன்று முடித்தார். அப்புறம் 2012-ல் வேறொரு நிகழ்ச்சியோடு திரும்பியும் வந்தார். அதே நாளில் 'நவ்' என்ற வாராந்தரச் செய்தி நிகழ்ச்சியும் முடிந்தது. இரண்டுக்கும் பதிலாக 'நீட் டு நோ' என்று ஒரு மணி நேர நிகழ்ச்சி மே 7 அன்று தொடங்கியது. பின்னால் அது அரை மணியாகச் சுருங்கி 2013-ல் நின்றுபோனது.

என் வருத்தமெல்லாம் 'வேர்ல்ட்ஃபோகஸ்' மீதுதான். 2008 அக்டோபரில் தொடங்கிய, வார நாட்களில் வந்த அரை மணி நேர உலகச் செய்தி. மற்ற சேனல்களில் வெளிநாடு என்றால் அமெரிக்கப் படை போன இடம் மட்டும்தான். இதில் பிற நாட்டு நிறுவனங்கள் எடுத்த செய்திகளையும் வாங்கிப் போடுவார்கள். 2009-ன் முதல் மாதங்களில் வன்னியிலிருந்து ஏதாவது காட்டுவார்களா என்று வேலை முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்த நாட்கள் நினைவிருக்கின்றன. நிதி இல்லையென்று 2010 ஏப்ரல் தொடக்கத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். பொருளாதாரம் சரிந்திருந்த காலம், காரணம் புரிகிறது. இருந்தாலும் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அது இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இனி ஸ்டுடியோ. பிராட்வேயும் 66-வது தெருவும் சந்திக்கும் மூலையில், லிங்கன் சென்டர் என்ற கலை அரங்க வளாகத்தில் அதை அமைத்தார்கள். இந்த யோசனை புதிதல்ல. என்பிசி சேனலின் காலை நிகழ்ச்சியான 'டுடே' 1952-லேயே தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னாலிருந்துதான் தொடங்கியது. ஏபிசி சேனலும் 1999-ல் டைம்ஸ் ஸ்கொயரில் இதையே செய்தது.

இப்படி ஒரு இடத்தில் படம்பிடிப்பது லேசான வேலை இல்லை. வெயிலின் நிறமும் ஸ்டுடியோ விளக்கின் நிறமும் வேறு. கவனிக்காவிட்டால் முகத்தின் ஒரு பக்கம் நீலம், மறு பக்கம் மஞ்சள். ஒரு மேகம் கடந்தாலே வெளிச்சம் மாறிவிடும். இருட்டியதும் அதே கண்ணாடி, உள்ளே இருக்கும் விளக்கையும் கேமராவையும் திருப்பிக் காட்டும். போதாததற்கு, அந்தத் தெருவுக்கு அடியிலேயே ஒன்றாம் நம்பர் ரயில் ஓடுகிறது.

இவ்வளவு சிரமப்பட வேண்டுமா என்றால், வேண்டும். விளம்பர வருமானத்தில் ஓடும் சேனலுக்குத் தெருவில் நிற்பவர் வெறும் கூட்டம். பொதுத் தொலைக்காட்சிக்கு அவர்தான் படியளப்பவர். ஒரு குளிர்கால மாலையில் அந்த வழியாகப் போனபோது, காய்கறி வண்டியை இழுத்துக்கொண்டு வந்த ஒரு பாட்டி நின்றுவிட்டார். கையுறையைக் கழற்றி, கண்ணாடியில் படிந்த பனியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு உள்ளே பார்த்தார். கூட இருந்த பேரனைத் தூக்கிக் காட்டி, "இதுதான் பதிமூன்று" என்றார். நான் சந்தா கட்டுவதும் அந்த உறவுக்காகத்தான்.

2013 செப்டம்பரில், பொதுத் தொலைக்காட்சியின் மாலைச் செய்தியான 'நியூஸ்அவர்'-இன் வார இறுதிப் பதிப்பு அங்கிருந்துதான் தொடங்கியது. ஹரி ஸ்ரீனிவாசன் வாசித்தார். அதுவரை சனி, ஞாயிறில் அந்தச் செய்தியே கிடையாது. 2022 ஏப்ரலில் அது வாஷிங்டனுக்குப் போய்விட்டது. அந்த மூலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு 'வேர்ல்ட்ஃபோகஸ்' ஞாபகம்தான் வரும். பாதி உலகம் நடந்துபோகும் தெரு அது. அந்த நிகழ்ச்சி ஒரு நாளாவது அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்திருக்கலாம்.