கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் 'ஓஃப்லைன்'

கல்முனையிலிருந்து கேட்ட தம்பிக்கு: மேசைக் கணினியில் யூஎஸ்பியால் பூட்டி லெப்டொப்போடு பகிர்ந்த பிரிண்டர், கரண்ட் போய் வந்தால் லெப்டொப்பில் மட்டும் 'ஓஃப்லைன்' காட்டுகிறது என்றீர்கள். பிரிண்டரில் பிழை இல்லை. டிரைவரைத் திரும்பத் திரும்ப அழித்துப் போடாதீர்கள்.

நீங்கள் போட்ட படத்தில் பிரிண்டரின் பாதை 192.168.1.5 என்று தொடங்குகிறது. அது மேசைக் கணினியின் பழைய ஐபி இலக்கம், அதாவது வீட்டு வலையமைப்பில் அதன் முகவரி. ரவுட்டர் அணைந்து எழும்பும்போது மேசைக் கணினிக்கு வேறு ஐபி இலக்கம் கொடுத்துவிடக்கூடும். லெப்டொப்போ பழைய கதவையே தட்டிக்கொண்டு நிற்கும். மேசைக் கணினியின் கட்டளைச் சாளரத்தில் 'ஐபிகொன்ஃபிக்' (ipconfig) அடியுங்கள். அதில் வரும் ஐபி இலக்கத்தின் கடைசி எண் 5 இல்லாமல் 7, 8 என்று மாறியிருந்தால் காரணம் இதுதான்.

லெப்டொப்பில் அந்தப் பிரிண்டரை நீக்கி, விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்துங்கள். வரும் பெட்டியில் இரண்டு பின்சாய்கோடு (\\), இடைவெளி விடாமல் மேசைக் கணினியின் பெயர், பிறகு என்டர். பிரிண்டர் தெரிந்ததும் வலது கிளிக், 'கனெக்ட்'. இனி இலக்கம் மாறினாலும் பெயர் மாறாது. பெயரால் கிடைக்காவிட்டால், ரவுட்டரின் டிஎச்சிபி (ஐபி இலக்கங்களைப் பங்கிடும்) பக்கத்தில் அந்தக் கணினியின் மெக் முகவரிக்கு (அதன் வலையமைப்புக் கருவியின் அடையாள எண்) 192.168.1.5ஐ நிரந்தரமாக ஒதுக்கி, பெயருக்குப் பதில் அந்த இலக்கத்தை அடித்துப் பிரிண்டரைச் சேருங்கள். கரண்ட் அடிக்கடி போகும் வீட்டுக்கு, என்னைக் கேட்டால், இதுதான் உறுதி.

மேசைக் கணினி ஸ்லீப்புக்குப் போனாலும் இதே 'ஓஃப்லைன்' வரும். வலையமைப்பு 'பப்ளிக்' என்றிருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். லெப்டொப் விருந்தினர் வைஃபையில் நிற்கிறதா என்றும் ஒருக்கால் பாருங்கள்.