பல்லவன், பாண்டியன், சோழன், சேரன்: மார்க் யாருக்கு?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பொங்கல் விழாவுக்கு வருடாவருடம் வினாடி வினா நடக்கும். போன முறை ‘இவற்றுக்குள் என்ன தொடர்பு?’ என்ற சுற்றை நான் தயாரித்தேன். பல்லவன், பாண்டியன், சோழன், சேரன் என்று ஒரு கேள்வி. நான் எதிர்பார்த்த பதில், சென்னையிலிருந்து புறப்படும் ரயில்கள். ஒரு அணி ‘அரச வம்சங்கள்’ என்றது. இன்னொரு அணியில் இருந்த பெரியவர் ‘பஸ் கம்பெனி’ என்றார். இருவருக்கும் மார்க் தரவில்லை. அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. இந்த வருடமும் பொறுப்பை என் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள். சண்டை வராத மாதிரி இந்தக் கேள்விகளைத் தயாரிப்பது எப்படி? செல்போனில் வரும் 16 சொல் கட்டத்தையும் சேர்க்கலாமா? (திருச்சி வாசகர் ஒருவர்)

பதில்: முதல் வேலையாக அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். அவர் சொன்னது சரி. சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கும்பகோணத்தில் சோழன், கோவையில் சேரன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கே பெயர் இருந்தது. உங்கள் திருச்சியில் ஓடியது தீரன் சின்னமலை. 1997இல்தான் இந்தப் பெயர்களை எல்லாம் எடுத்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய யாருக்கும் அந்த நான்கு பெயரைப் படித்தவுடன் பஸ்தான் கண்ணில் தெரியும். அரச வம்சம் என்று சொன்ன அணியும் தப்புச் சொல்லவில்லை. மூன்று பதிலும் சரி. தப்பு கேள்வியில் இருக்கிறது.

இந்த வகைக் கேள்வி தயாரிக்கும் எல்லாரும் முதலில் விழும் குழி இது. பதில் நம் மனதில் இருப்பதால், அதற்குப் பொருந்துகிற நான்கு பெயரை எழுதியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். பொருந்துவது பாதி வேலைதான். வேறு எதற்கும் பொருந்தாமல் இருக்கிறதா என்று பார்ப்பது மீதிப் பாதி, கஷ்டமான பாதியும் அதுதான்.

உங்கள் கேள்வியையே சரிசெய்து பார்ப்போம். சோழனையும் பல்லவனையும் எடுத்துவிட்டு வைகை, உழவன் என்று போடுங்கள். இப்போது பாண்டியன், சேரன், வைகை, உழவன். வைகை வந்ததும் பஸ்ஸும் வம்சமும் அடிபடுகின்றன. ‘பாண்டிய நாட்டு ஆறுதானே, எப்படியாவது இழுத்துவிடலாம்’ என்று யாராவது முயன்றால் உழவன் அந்த வழியையும் அடைத்துவிடும். சென்னைக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ஓடும் ரயில் அது. இனி ஒரே பதில்தான்.

ஆக, பட்டியலில் வைக்கும் ஒவ்வொரு பெயரிடமும் ‘எந்தத் தப்புப் பதிலை மறிக்க நீ வந்தாய்?’ என்று கேளுங்கள். பதில் சொல்லாத பெயரை எடுத்துவிட்டு வேறொன்று போடுங்கள்.

இன்னொரு உதாரணம். சி.வி. ராமன், அன்னை தெரசா, நெல்சன் மண்டேலா. இந்த மூவரைக் கொடுத்தால் கூட்டத்தில் பாதிப் பேர் ‘நோபல் பரிசு’ என்பார்கள். நீங்கள் கேட்க நினைத்தது பாரத ரத்னா என்றால் நான்காவதாக எம்.எஸ். சுப்புலட்சுமியைச் சேர்க்க வேண்டும். அவருக்கு 1998இல் பாரத ரத்னா கிடைத்தது, நோபல் இல்லை. அந்த ஒரு பெயர் நோபல் வழியை மூடிவிடுகிறது. எம்.எஸ்.ஸுக்குப் பதிலாக அமர்த்தியா சென்னைப் போட்டால் கேள்வியே வேறாகிவிடும். இப்போது ‘நோபல்’ என்றாலும் உண்மை, ‘பாரத ரத்னா’ என்றாலும் உண்மை. ஆனால் ‘இரண்டையும் பெற்றவர்கள்’ என்பதுதான் இறுக்கமான பதில். இரண்டையும் பெற்றவர்கள் இந்த நால்வர்தான், ஐந்தாவது ஆள் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த வகை இது. கூட்டம் முழுசாக உள்ளே வந்துவிட்டால், வெளியே நின்று ‘என்னை ஏன் விட்டாய்?’ என்று கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

உண்மையாக இருந்தும் மோசமான தொடர்புகள் உண்டு. பாரதியார், செஸ் வீரர் விசுவநாதன் ஆனந்த், இருவருக்கும் என்ன பொது? டிசம்பர் 11. பாரதி 1882, ஆனந்த் 1969. எம்.எஸ். மறைந்ததும் 2004இல் அதே தேதியில்தான். தகவல் சுவையானது, கேள்வி சப்பை. தெரிந்தவருக்கு ஒரு நொடி, தெரியாதவர் பொங்கலிலிருந்து அடுத்த பொங்கல் வரை யோசித்தாலும் வராது. தேதி, பிறந்த ஊர், படித்த பள்ளி என்பதையெல்லாம் இந்தச் சுற்றில் தவிர்த்துவிடுங்கள். உட்கார்ந்து யோசித்தால் வந்து சேர ஏதோ ஒரு பாதை இருக்க வேண்டும்.

குஜராத், ஜார்க்கண்ட், திரிபுரா, மிசோரம் என்று கேட்டுப் பாருங்கள். யாருக்கும் சட்டென்று வராது. ‘வெளிநாட்டு எல்லை உள்ள மாநிலங்கள்’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். பக்கத்தில் இருப்பவர் ‘ஜார்க்கண்டுக்கு ஏது வெளிநாட்டு எல்லை?’ என்று நிறுத்துவார். அப்புறம் மனதுக்குள் வரைபடத்தை விரிப்பார்கள். மேற்கே ஒரு முனை, கிழக்கே ஒரு முனை, நடுவில் ஒன்று. நேராகக் கோடு இழுத்தால் கடகரேகை! விடை வந்ததும் விடை தெரியாதவரும் ‘அட, எனக்கு வந்திருக்கணுமே’ என்று தொடையில் தட்டிக்கொள்வார். அந்தச் சத்தம் கேட்டால் கேள்வி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

தமிழில் கேட்கிறீர்கள், மொழி தரும் வசதியை விட்டுவிடாதீர்கள். அரிசிக் கடையில் அளப்பது, மாடிக்குப் போக ஏறுவது, அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயர்வது, பரீட்சை நேரத்தில் அம்மா ஓயாமல் சொல்வது. எல்லாம் ‘படி’. (மூன்றாவது அகவிலைப்படி. ஓய்வுபெற்றவர்கள் இருக்கும் அணி இதை விடாது.) ஆறு, மாலை, திங்கள் என்று இப்படிப் பல அர்த்தம் தாங்கும் சொற்கள் நம்மிடம் ஏராளம். சேந்தன் திவாகரம் என்ற பழைய நிகண்டில் 12 தொகுதிகள். பதினொன்றாவதற்குப் பெயர் ‘ஒருசொல் பல்பொருட் பெயர்த் தொகுதி’, பன்னிரண்டாவது ‘பல்பொருட் கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி’. நாம் கேட்கும் தொடர்புக் கேள்விகளின் இரண்டு ஜாதியும் இந்த இரண்டு தலைப்பில் அடங்கிவிடுகின்றன. ‘படி’ பதினொன்றில் சேரும், கடகரேகை பன்னிரண்டில். ஒரே சுற்றில் இரண்டையும் கலந்து வையுங்கள், ஆடுகிறவர்களுக்கு அலுக்காது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டி.வி.யில் நாலு படத்தைக் காட்டி, அவற்றின் பெயர்களை ஒட்டி ஒரு பாட்டு வரியைக் கண்டுபிடிக்கச் சொல்வார்களே, அது வேறு விளையாட்டு. அங்கே ஒலிகளைக் கோத்தால் போதும், பொதுத்தன்மை எதுவும் தேட வேண்டியதில்லை. குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்றால் தனிச் சுற்றாக வையுங்கள்.

சரி, மார்க் விஷயம். பிபிசியில் 2008இல் தொடங்கிய ‘ஒன்லி கனெக்ட்’ நிகழ்ச்சியில் ஒரு நல்ல முறை இருக்கிறது. துப்புகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். முதல் துப்பிலேயே சொன்னால் 5 மார்க், இரண்டில் 3, மூன்றில் 2, நாலும் வந்த பிறகு 1. இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் துப்புகளின் வரிசை முக்கியமாகிவிடும். முதலில் பாண்டியன், பிறகு சேரன் என்று வைத்தால் அவசரக்காரர் ‘அரசர்கள்’ என்று மணியை அடித்துவிடுவார். ஒரு கேள்விக்கு ஒரு அணிக்கு ஒரே வாய்ப்பு என்பதால் அவர் கதை முடிந்தது. உழவன் வரை பொறுத்த அணி ஒரு மார்க்கோடு போகும். உழவனை முதலில் வைத்தால் ரயில் விவரம் தெரிந்தவருக்கு ஐந்து மார்க்கைத் தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்த மாதிரி. பொறி முன்னால், முறிப்பது பின்னால்.

இனி அந்த 16 சொல் கட்டம். நியூயார்க் டைம்ஸ் 2023 ஜூனில் ‘கனெக்‌ஷன்ஸ்’ என்று வெளியிட்ட பிறகுதான் இது செல்போன்களில் இப்படிப் பரவியது. பதினாறு சொற்களை நாலு நாலாகப் பிரிக்க வேண்டும், நாலு தப்பு செய்தால் ஆட்டம் முடியும். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் தயாரிப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும் என்று எச்சரித்துவிடுகிறேன். உங்களுக்காக ஒன்று போட்டுப் பார்த்தேன்:

வைகை, கொல்லி, பொன்னி, பாலாறு, உழவன், கிச்சிலி, ஜவ்வாது, நொய்யல், பாண்டியன், தூயமல்லி, கல்வராயன், வெள்ளாறு, பொதிகை, சேர்வராயன், கருங்குறுவை, தென்பெண்ணை.

ரயில்கள்: வைகை, பொதிகை, பாண்டியன், உழவன். ஆறுகள்: பாலாறு, நொய்யல், வெள்ளாறு, தென்பெண்ணை. மலைகள்: கொல்லி, ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன். நெல்: பொன்னி, கிச்சிலி, தூயமல்லி, கருங்குறுவை. வைகையும் பொன்னியும் ஆறுகள் பக்கம் இழுக்கும், பொதிகை மலைப் பக்கம் இழுக்கும். பாண்டியன், உழவன், கல்வராயன், சேர்வராயன் நாலும் ஆள் பெயர் மாதிரி ஒன்றாக வந்து நிற்கும். அது நானே எதிர்பார்க்காத பொறி, விட்டுவைத்தேன்.

முதலில் கல்வராயன் இருக்கும் இடத்தில் ஏலகிரி என்று எழுதியிருந்தேன். எல்லாம் அழகாக இருந்தது. டீ குடிக்கும்போதுதான் உறைத்தது: சென்னைக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே ஏலகிரி எக்ஸ்பிரஸ் என்று ஒரு ரயில் ஓடுகிறதே! பொதிகையும் மலை, ரயில். ஏலகிரியும் மலை, ரயில். இரண்டையும் இடம் மாற்றி வைத்தாலும் கட்டம் முழுதாகப் பொருந்தும். இரண்டு விடை உள்ள கட்டம், அதாவது சண்டைக்கு நானே போட்ட பத்திரிகை. பொறியாக நிற்கும் சொல் இரண்டு குழுவுக்குப் பொருந்தலாம், தவறில்லை. ஆனால் அதே இரண்டு குழுவுக்கும் பொருந்துகிற இன்னொரு சொல் எதிர்ப்பக்கத்தில் இருக்கக் கூடாது. கட்டத்தை முடித்ததும் ஒவ்வொரு சொல்லையும் தூக்கி மற்ற மூன்று குழுவிலும் வைத்துப் பாருங்கள். எங்காவது உட்கார்ந்தால், அங்கிருந்து ஒன்று கிளம்பி இந்தப் பக்கம் வந்து உட்கார முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் பயமில்லை.

ஊர்ப் பெயர்களில் கூடுதல் கவனம் வேண்டும். ‘பெயரில் விலங்கோ பறவையோ உள்ள ஊர்கள்’ என்று குரங்கணி, நரிமணம், மயிலாடுதுறையோடு மதுரைப் பக்கத்துப் பசுமலையைச் சேர்த்தால், ‘பசு என்றால் பச்சை, மாடு இல்லை’ என்று ஒருவர் எழுந்து நிற்பார். விராலிமலையைச் சேர்த்தால் விரால் மீனா விராலிச் செடியா என்று பட்டிமன்றமே நடக்கும்.

இவ்வளவும் செய்தாலும் மேடையில் எவராவது நீங்கள் நினைக்காத ஒன்றைச் சொல்வார். அதற்கான விதியைச் சுற்று ஆரம்பிக்கும் முன்பே மைக்கில் சொல்லிவிடுங்கள்: எல்லாத் துப்புக்கும் பொருந்தி, என்னிடம் உள்ள பதில் அளவுக்கு இறுக்கமாக இருந்தால் முழு மார்க். ‘எல்லாம் தமிழ்நாட்டில் இருக்கிறது’, ‘எல்லாம் பெயர்ச்சொல்’ என்கிற ரகத்துக்கு மார்க் இல்லை. பொருந்துகிற பதில் வந்தால் இழுக்காமல் அந்த நொடியே கொடுத்துவிடுங்கள். ஒரு மார்க்கைக் காப்பாற்றப் போய் ஒரு வருடப் பேச்சு வாங்கியது போதும்.

எண்ணிக்கை ஆறு கேள்வி, ஒரு கட்டம். அதற்கு மேல் வைத்தால் பொங்கல் ஆறிவிடும்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, போட்டியில் கலந்துகொள்ளாத ஒருவரிடம் விடை இல்லாமல் கேள்விகளை மட்டும் கொடுத்துப் பதில் எழுதி வாங்குங்கள். உங்களைவிட இருபது வயதாவது மூத்தவராகவோ இளையவராகவோ இருந்தால் நல்லது. நீங்கள் பார்க்காத பஸ்ஸில் அவர் போயிருப்பார். அந்தப் பெரியவரையே கேளுங்களேன். கேள்வித்தாளைப் பார்த்தபின் போட்டியில் ஆட முடியாது என்பதற்கு மட்டும் அவர் சம்மதிக்க வேண்டும்.