பிரமிடு வடிவில் ஏன் கட்டுகிறார்கள்? – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

கட்டடங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். நான் சிவில் படித்தவன். கோவையில் சிறிய அளவில் வீடுகளும் கடைகளும் கட்டிக்கொடுக்கிறேன். போன வருடம் குடும்பத்தோடு பாரிஸ் போயிருந்தோம். லூவர் அருங்காட்சியக முற்றத்தில் அந்தக் கண்ணாடிப் பிரமிடைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவ்வளவு அழகான பழைய அரண்மனைக்கு முன்னால் எகிப்துக் கல்லறையின் வடிவத்தைக் கொண்டுவந்து வைக்க என்ன அவசியம்? 4,500 வருடங்களுக்கு முன்னால், இரும்பும் லிஃப்டும் இல்லாதவர்கள் கல்லை அடுக்கி உயரம் போனதால் வந்த வடிவம் அது. இன்றைக்கு யாருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. இடம் வீணாகும், செலவு கூடும், கண்ணாடி ஒழுகும். ஆர்க்கிடெக்டுகளின் தற்பெருமையைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா?

இதைக் கேட்க இன்னொரு காரணமும் உண்டு. தெரிந்தவர் ஒருவர் தன் அலுவலகத்தைப் பிரமிடு வடிவில் கட்டித்தரச் சொல்கிறார். அறுபதுக்கு அறுபது, மூன்று தளம், நாற்பத்தைந்து அடி உயரம். சரிவு முழுக்கக் கண்ணாடி வேண்டுமாம். பிரமிடுக்குள் சக்தி இருக்கிறது, தொழில் பெருகும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் என்ன பதில் சொல்லட்டும்?

கே., கோயம்புத்தூர்

*

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தில் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஒரே அடித்தளமும் ஒரே உயரமும் கொண்ட பெட்டியோடு ஒப்பிட்டால் பிரமிடுக்குள் இருக்கும் கொள்ளளவு மூன்றில் ஒரு பங்குதான். மீதி இரண்டு பங்கை வானத்துக்கு விட்டுவிடுகிறோம். சுவர் உள்பக்கம் சாய்வதால் பீரோவைக்கூட அதை ஒட்டி நிறுத்த முடியாது. செங்குத்துச் சுவரில் வழிந்து போகிற மழை சரிவில் நின்று இறங்கும், தூசி படியும். இவ்வளவு நஷ்டத்தையும் தெரிந்தே ஒருவர் இந்த வடிவத்தை எடுக்கிறார் என்றால் அந்தச் சரிவு யாருக்காவது ஏதாவது தர வேண்டும். எந்தப் பிரமிடுக் கட்டடத்தையும் நான் இந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன். சிலவற்றுக்கு நல்ல பதில் இருக்கிறது. உங்களுக்கு எரிச்சல் தந்த லூவரும் அவற்றில் ஒன்று என்பது என் கருத்து.

அந்த முற்றம் 1980களின் தொடக்கத்தில் எப்படி இருந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அரண்மனையின் வடக்குச் சிறகு முழுவதும் பிரான்ஸ் நிதி அமைச்சகத்தின் கையில் இருந்தது. நீங்கள் நின்ற முற்றத்தில் அமைச்சக ஊழியர்களின் கார்கள் நின்றன. நீளநீளமான சிறகுகள் கொண்ட அந்த மாளிகையில் எந்த வாசல் வழியாக நுழைவது, ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போவது என்று வருகிறவர்கள் திண்டாடினார்கள். அரசர்கள் குடியிருக்கக் கட்டிய இடம் என்பதால் ஓர் அருங்காட்சியகத்துக்குத் தேவையான கிடங்கு, பழுதுபார்க்கும் கூடம், டிக்கெட் கொடுக்கும் இடம் எதற்கும் அங்கே வசதி இல்லை. 1981இல் அதிபர் மித்தரான் அமைச்சகத்தை வெளியேற்றி மாளிகை முழுவதையும் அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதாக அறிவித்தார். 1983இல் சீனாவில் பிறந்த அமெரிக்கரான ஐ. எம். பெய்யிடம் வேலையை ஒப்படைத்தார். போட்டி எதுவும் நடத்தாமல் நேரடியாகக் கொடுத்தது அன்றைக்கே சர்ச்சையானது.

பெய் எடுத்த முக்கியமான முடிவு முற்றத்தைத் தோண்டுவது. தேவையான புதிய இடம் அத்தனையையும் பூமிக்கு அடியில் வைத்து, மூன்று சிறகுகளுக்கும் அங்கிருந்தே வழி பிரித்தார். பாரிஸில் அவர் செய்த பெரிய வேலை இதுதான், அது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இப்போது அந்த நிலவறைக்கு ஒரு வாசல் வேண்டும், வெளிச்சம் வேண்டும். தட்டையாகக் கண்ணாடி போட்டு மூடினால் தூரத்திலிருந்து வருகிறவருக்கு வாசல் எங்கே என்று தெரியாது. பெட்டி மாதிரியோ குவிமாடம் மாதிரியோ எழுப்பினால் பின்னால் இருக்கும் அரண்மனை முகப்பு மறைந்துவிடும். அதே உயரத்துக்கு அவற்றைவிட மிகக் குறைந்த கொள்ளளவில் எழும் வடிவம் பிரமிடு. சற்று முன்னால் நஷ்டம் என்று கணக்குப்போட்ட அந்த மூன்றில் இரண்டு பங்கு இங்கே லாபமாகிறது. பெய்யின் பிரமிடு 21 மீட்டருக்குச் சற்று அதிகம், அடியில் ஒரு பக்கம் சுமார் 35 மீட்டர். சுற்றியிருக்கும் மாளிகையைவிடத் தாழ்வுதான்.

கண்ணாடி விஷயத்தில் அவர் பிடித்த பிடிவாதம் உங்களைப் போன்ற கட்டுநருக்குப் பிடிக்கும். சாதாரணக் கண்ணாடியில் இரும்புச் சத்து கலந்திருப்பதால் லேசாகப் பச்சை அடிக்கும். அதன் வழியாகப் பார்த்தால் அரண்மனையின் தேன்நிறக் கல் மங்கிப்போகும். அதனால் பச்சை கலக்காத கண்ணாடிதான் வேண்டும் என்று நின்றார். ஃபோன்டேன்ப்ளூவின் வெள்ளை மணலைக் கொண்டு சேன்-கோபேன் நிறுவனம் இதற்கென்றே தனிக் கண்ணாடி தயாரித்தது. மொத்தம் 673 துண்டுகள். சாத்தானின் எண் என்று சொல்லப்படும் 666 என்று ஒரு கதை உலவுகிறது, அதை நம்பாதீர்கள்.

எகிப்து பற்றிய உங்கள் கோபம் அப்போது பாரிஸ்காரர்களுக்கும் இருந்தது. மாளிகை முற்றத்தில் கல்லறையா என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அருங்காட்சியகத்தின் இயக்குநரே பதவி விலகினார். அப்போது பாரிஸ் மேயராக இருந்த ழாக் சிராக், முழு அளவில் ஒரு மாதிரி காட்டினால்தான் ஆயிற்று என்றார். 1985 வசந்தத்தில் கிரேன் வைத்து, முற்றத்தின் நடுவே நான்கு விளிம்புகளுக்கும் கேபிள் இழுத்துக் கட்டினார்கள். ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து பார்த்துப்போனார்கள். பயந்த அளவுக்குப் பெரிதாக இல்லை என்பதை அங்கேயே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். எதிர்ப்பு குறையத் தொடங்கியது. பொதுக் கட்டடம் எழுப்பும் எந்த ஊரிலும் இதைச் செய்யலாம். கம்பமும் கயிறும்தான் செலவு. எவ்வளவு சண்டை மிச்சமாகும்!

1989இல் திறந்தார்கள். அதில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வருடத்துக்கு நாற்பது, நாற்பத்தைந்து லட்சம் பேர் வருவார்கள் என்று கணக்கிட்டுக் கட்டியது. 2018இல் ஒரு கோடிக்கு மேல் வந்தார்கள். வெயில் நாட்களில் பிரமிடுக்குக் கீழே புழுங்குகிறது, இரைச்சல் தாங்கவில்லை என்று அருங்காட்சியகத் தலைமையே அரசுக்கு எழுத, அந்தக் கடிதம் 2025 ஜனவரியில் வெளியே வந்தது. அதே மாதம் அதிபர் மக்ரோன் இன்னொரு புதிய வாசல் கட்டப்போவதாக அறிவித்தார். புழுக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் நண்பரின் விஷயத்தில் தேவைப்படும்.

சான் ஃபிரான்சிஸ்கோவின் டிரான்ஸ்அமெரிக்கா பிரமிடில் சரிவின் பயன் தெருவில் போகிறவர்களுக்கு. 1972இல் முடிந்த அந்த 48 மாடிக் கட்டடத்தை வடிவமைத்தவர் வில்லியம் பெரேரா. உயரம் 260 மீட்டர். கட்டடம் மேலே போகப்போகக் குறுகுவதால் கீழே தெருவுக்கு வெளிச்சமும் வானமும் மிஞ்சுகின்றன. அதற்கு முதலாளி கொடுத்த விலையைப் பாருங்கள்: மிகப் பெரிய தளமான ஐந்தாவது மாடி 21,025 சதுர அடி, 48ஆவது மாடி 2,025 சதுர அடி. உச்சிக்குக் கீழே ஏறத்தாழ 65 மீட்டருக்கு ஆள் புழங்கும் தளமே கிடையாது. மேல் மாடிகளில் லிஃப்டுக்கும் படிக்கட்டுக்கும் உள்ளே இடம் போதாமல் இரண்டு பக்கமும் காது வைத்தது போலத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. நல்ல பக்கமும் உண்டு: எடை கீழே தங்குவதால் நிலநடுக்க ஊரில் இந்த வடிவம் உறுதியானது. 1989 நிலநடுக்கத்தில் உச்சி ஓரடி அளவுக்கு ஆடியது, கட்டடத்துக்குச் சேதமில்லை.

நான் ரொம்ப நேசிக்கும் பிரமிடு அல்பேனியத் தலைநகர் டிரானாவில் இருக்கிறது. அழகுப் போட்டியில் அது லூவரிடம் தோற்றுவிடும், எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. நாற்பது ஆண்டுகள் அந்த நாட்டை இரும்புப்பிடியில் வைத்திருந்த என்வர் ஹோஜா 1985இல் இறந்தார். அவர் புகழ் பாடும் அருங்காட்சியகமாக அதை 1988இல் திறந்தார்கள். வடிவமைத்த குழுவில் அவருடைய மகளும் மருமகனும் இருந்தார்கள். வட்டமான தரையிலிருந்து சாய்ந்த கான்கிரீட் உத்தரங்கள் உச்சியை நோக்கிப் போகும், மேலே வெள்ளைப் பளிங்கு, நடுவில் தலைவரின் சிலை. மூன்றே வருடத்தில் ஆட்சி போயிற்று, அருங்காட்சியகமும் போயிற்று. அப்புறம் அது மாநாட்டுக் கூடமாக இருந்தது, 1999 கொசோவோ போரின்போது நேட்டோவின் தளமாக இருந்தது, தொலைக்காட்சி நிலையம் இருந்தது, இரவு விடுதி இருந்தது. பளிங்கை உரித்துக்கொண்டு போனார்கள். கான்கிரீட் கறுத்தது.

ஆனால் அந்தச் சரிவைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். சர்வாதிகாரியின் நினைவிடத்தின் மேல் ஏறி உட்கார்ந்து ஊரைப் பார்ப்பதும் சறுக்கிக்கொண்டு இறங்குவதும் டிரானாவில் ஒரு தலைமுறைக்கே விளையாட்டாக இருந்தது. 2010 வாக்கில் அரசாங்கம் அதை இடித்துவிட்டு நாடாளுமன்றம் கட்டலாம் என்றபோது மக்கள் எதிர்த்தார்கள். அவர்கள் யாரும் ஹோஜாவின் விசுவாசிகள் இல்லை. தாங்கள் ஏறி விளையாடிய இடம் அது, அவ்வளவுதான். கடைசியில் நெதர்லாந்தின் எம்.வி.ஆர்.டி.வி. குழு 2023இல் அதைப் புதுப்பித்துக் கொடுத்தது. சாய்ந்த உத்தரங்களின் மேல் படிகள் கட்டி, யார் வேண்டுமானாலும் உச்சிவரை ஏறலாம் என்று ஆக்கினார்கள். ஒரு சரிவைச் சறுக்குவதற்கென்றே படியில்லாமல் விட்டுவைத்தார்கள். உள்ளேயும் வெளியேயும் வண்ண வண்ணப் பெட்டி அறைகள். பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கணினி, அனிமேஷன், இசை எல்லாம் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கும் டூமோ மையம் அங்கே நடக்கிறது. செங்குத்தான கட்டடமாக இருந்திருந்தால் இந்த மக்களால் அதை இப்படிச் சொந்தமாக்கிக்கொண்டிருக்க முடியாது என்று நினைக்கிறேன். சரிவு காலுக்கு எட்டியது, ஏறினார்கள்.

யாருக்கும் எதுவும் தராத சரிவு வட கொரியாவின் பியோங்யாங்கில் நிற்கிறது. ரியுக்யோங் ஹோட்டல், 105 மாடி, 330 மீட்டர். 1989 உலக இளைஞர் விழாவுக்குத் தயாராக வேண்டும் என்று 1987இல் தொடங்கினார்கள். 1992இல் பணமில்லாமல் நின்றது. உச்சியில் ஒரு கிரேனோடு பதினாறு வருடம் வெறும் கான்கிரீட்டாகக் கிடந்து, 2008க்குப் பிறகு கண்ணாடி போர்த்தினார்கள். இப்போது இரவில் அதன்மேல் விளக்குக் காட்சி ஓடுகிறது. இன்றுவரை ஒரு விருந்தாளி தங்கியதில்லை. உங்கள் கோபம் முழுவதையும் இதன்மேல் காட்டலாம், நானும் கூட நிற்கிறேன். லாஸ் வேகஸின் லக்ஸர் சூதாட்ட விடுதி, இன்று மீன்பிடிச் சாமான் கடையாகிவிட்ட அமெரிக்க மெம்ஃபிஸ் நகரின் விளையாட்டரங்கம் இரண்டிலும் எகிப்துப் பெயரும் விளம்பரமும்தான் வடிவத்துக்குக் காரணம், அவற்றைப் பற்றிப் பேச அதிகமில்லை.

சரி, சக்தி. பிரமிடுக்குள் வைத்த சவர பிளேடு மழுங்காது என்று சொல்லி செக்கோஸ்லோவாக்கியாவில் கார்ல் டிர்பால் என்பவர் 1959இல் காப்புரிமைகூட வாங்கினார். காப்புரிமை கிடைத்ததால் அது உண்மையாகிவிடாது. வடிவத்திலிருந்து ஏதோ சக்தி வருகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் பிரமிடுத் தியான மண்டபத்தில் உட்கார்ந்து மனம் அமைதியானதாக உங்கள் நண்பர் சொன்னால் அதை மறுக்காதீர்கள். கூரை உயர்ந்து போகும் ஒற்றைக் கூடம், மங்கிய வெளிச்சம், எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருப்பது. இவை மனத்தை அடக்கும். மேலே தளமே போடாத ஒரே கூடத்துக்குப் பிரமிடு பொருந்தவும் செய்யும், அங்கே இழக்க மாடி எதுவும் இல்லை. அவர் கேட்பது மூன்று தள அலுவலகம். அதுதான் சிக்கல்.

அவருடைய கணக்கையே போட்டுப் பார்த்தேன். அறுபதுக்கு அறுபது, நாற்பத்தைந்து அடி உயரம், பதினைந்தடிக்கு ஒரு தளம். தரைத்தளம் 3,600 சதுர அடி. முதல் தளம் நாற்பதுக்கு நாற்பது, 1,600. இரண்டாவது தளம் இருபதுக்கு இருபது, 400. இதிலும் விளிம்பில் ஆள் நிமிர முடியாது. ஆறடி உயரம் கிடைக்க ஒவ்வொரு பக்கமும் நான்கடி உள்ளே வர வேண்டும். கழித்தால் நின்று நடக்க மிஞ்சுவது 2,704, 1,024, அப்புறம் வெறும் 144 சதுர அடி. இரண்டாவது தளத்தில் படிக்கட்டு வந்து ஏறியதும் இடம் முடிந்துவிடும்.

அடுத்தது வெயில். பாரிஸ் 49ஆவது அட்சரேகைக்கு அருகில் இருக்கிறது, கோவை 11இல். உங்கள் ஊரில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். செங்குத்துச் சுவரில் அந்த வெயில் அதிகம் விழாது, சரிவில் நாலு பக்கமும் விழும். குளிர் ஊரான பாரிஸிலேயே புழுங்குகிறது என்றால் இங்கே அந்தக் கண்ணாடிக்குள் ஏ.சி. எவ்வளவு ஓட வேண்டும் என்று யோசியுங்கள்.

அவருக்கு அந்த வடிவத்தின்மேல் உண்மையான ஆசை இருந்தால் முழுக்க முறிக்க வேண்டாம். அலுவலகத்தை நேர்ச்சுவரில் இரண்டு தளமாகக் கட்டி, நடுவே இருக்கும் வரவேற்புக் கூடத்துக்கு மட்டும் பிரமிடுக் கூரை கொடுங்கள். சரிவில் ஓடு போடுங்கள், கண்ணாடி வேண்டாம். உச்சியில் சூடான காற்று வெளியேற நாலு பக்கமும் திறப்பு வையுங்கள், சாரல் உள்ளே வராதபடி மேலே ஒரு தொப்பியும் வேண்டும். இதை அவர் ஏற்றுக்கொள்ளாவிட்டால், இரண்டாவது தளத்தின் வரைபடத்தை மேசை நாற்காலியோடு வரைந்து கையில் கொடுத்துவிட்டு, அவருடைய நாற்காலியை எங்கே போடுவது என்று அவரையே கேளுங்கள்.