ஜாவா மானும் பனிவண்டியும்

கேள்வி: ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் மேடையில் சொல்வதற்காக, குழந்தைகளின் கற்பனையை வைத்து வேடிக்கையான கிறிஸ்துமஸ் கவிதை ஒன்று எழுதி அனுப்பியிருந்தேன். ‘வெண்பனி பொழியும் டிசம்பரிலே வெள்ளைத் தாடித் தாத்தா வந்தார்’ என்று தொடங்கி, ‘சொன்ன பேச்சைக் கேட்டால்தான் பரிசு’ என்று முடியும். மொத்தம் 24 வரி. சந்தம் சரியாகத்தானே இருக்கிறது? ஏன் போடவில்லை?
– வாசகி, குவாத்ர் போர்ன், மொரீஷியஸ்

பதில்: சந்தத்தில் பெரிய குறை இல்லை, அம்மா. கவிதைக்குள் பிள்ளையைத்தான் காணோம்.

டிசம்பரில் நம் தீவில் வெயில் 30 டிகிரியைத் தொடுகிறது. மயிற்கொன்றை சிவந்து கிடக்கிறது, சந்தையில் லெச்சி கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. இங்கே பிள்ளை பார்த்த பனியெல்லாம் ஐஸ்பெட்டிக்குள் இருப்பதுதான். உங்கள் 24 வரியும் வாழ்த்து அட்டையைப் பார்த்து எழுதியவை. தாத்தாவின் எட்டு மான் வண்டி 1823இல் அமெரிக்கச் செய்தித்தாள் ஒன்றில் வெளியான கவிதையில் ஓடத் தொடங்கியது. அந்த வண்டிக்கு முன்னால் ஓடும் சிவப்பு மூக்கு மான் 1939இல், அங்கே ஒரு பெரிய கடை இலவசமாகக் கொடுத்த சிறு புத்தகத்துக்காகப் பிறந்தது. இரண்டும் பெரியவர்கள் தங்கள் ஊருக்காக யோசித்தவை. அதே வண்டியை நாம் ஏன் இன்னும் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும்?

குழந்தைக் கற்பனை என்றதும் நமக்கு தேவதை, நட்சத்திரம், வானவில் என்று வரிசையாக வந்துவிடுகிறது. பிள்ளைக்கோ கணக்குச் சரியாக வர வேண்டும். பொனோம் நுவெல், அதாவது நம் கிறிஸ்துமஸ் தாத்தா, வீட்டுக்குள் எப்படி வருவார்? இங்கே புகைபோக்கி கிடையாது. தட்டையான கான்கிரீட் கூரை, அதன் மேல் தண்ணீர்த் தொட்டி. இருட்டில் கால் தவறித் தொட்டிக்குள் விழுந்துவிட்டால்? காலையில் குழாயைத் திறந்தால் தாடி வருமா? ஒரே ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு, மற்றதையெல்லாம் கண்டிப்பாக நிஜமாகவே வைத்துக்கொள்கிறது பிள்ளை. சிரிப்பு அந்தக் கண்டிப்பில்தான் இருக்கிறது.

ஆகவே முதல் வேலை கேள்வி சேர்ப்பது. மூன்று நான்கு பிள்ளைகளாக உட்கார வையுங்கள், பத்து நிமிஷம் போதும். ‘கிறிஸ்துமஸ் என்றால் என்ன தோன்றுகிறது?’ என்று கேட்டால் ‘கேக்கு, பரிசு’ என்பார்கள், அதோடு சரி. சின்னதாக, வேலை சம்பந்தமாகக் கேளுங்கள்: தாத்தா செருப்பை எங்கே கழற்றி விடுவார்? நம் தெரு நாய் குரைத்தால் என்ன செய்வார்? பதிலைச் சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசும் பிள்ளை கிரியோலில்தான் சொல்லும், சொல்லட்டும். அதன் யோசனையைத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள், வாக்கியத்தை இழுத்து வராதீர்கள். கிடைத்த பத்துக் கேள்வியில் ஒன்பதை ஒதுக்கிவிடுங்கள். ஒரு கவிதைக்கு ஒரு கேள்விதான். உங்கள் கவிதையில் பனி, மான், தாடி, பரிசு, மணி, மரம் எல்லாம் வரிக்கு ஒன்றாக வந்து போகின்றன, எதுவும் நிற்கவில்லை.

மானை மட்டும் எடுத்துக்கொள்வோம். நம் காட்டில் இருக்கும் மான், 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த இனம். பனி என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. போதாக்குறைக்கு இந்த ஊரில் மான் என்றால் கறி. வண்டி இழுக்க வந்த மானுக்கு இங்கே என்ன கதி?

மானே மானே ஜாவா மானே
வண்டி இழுக்க வருவாயா?
ஆனால் எங்கள் வீட்டுப் பக்கம்
அடுப்பு வாசம் தெரியாதா?

அம்மி கழுவி வைத்தாள் பாட்டி,
அப்பா மிளகாய் தருவாரே;
சும்மா எட்டிப் பார்க்க வந்தால்
சோற்றில் குழம்பு நீதானே!

எட்டே வரி. இந்த வயதில் எட்டு வரி தடுமாறாமல் வரும், பன்னிரண்டு எல்லை. 24 வரி என்றால் நடுவில் ஒரு பிள்ளை அம்மா முகத்தைப் பார்த்து நின்றுவிடும். அமைப்பைப் பாருங்கள்: முதல் வரியில் நாலு சீர், அடுத்ததில் மூன்று. மானே–ஆனால், அம்மி–சும்மா என்று எதுகை ஒரு வரி விட்டு ஒரு வரி வருகிறது. சந்தக் கணக்கில் தனிக்குறிலுக்கு ஒரு மாத்திரை நேரம், நெடிலுக்கும் ஒற்றடுத்த குறிலுக்கும் இரண்டு. சீர்கள் நாலு மாத்திரைக்குள் அடங்குகின்றன. ‘வருவாயா’, ‘தெரியாதா’ போன்ற கடைசிச் சீர் மட்டும் ஆறு மாத்திரைக்கு நீள்கிறது. அந்த நீட்டலில்தான் பிள்ளை மூச்சு வாங்கும்.

உங்கள் வரி இடறுவதும் இங்கேதான். ‘கிறிஸ்துமஸ் தாத்தா’ என்று மூன்று இடத்தில் வரியைத் தொடங்கியிருக்கிறீர்கள். கிறிஸ்துமஸ் ஆறு மாத்திரை. நாலு மாத்திரைச் சீரில் அதைத் திணித்தால் பிள்ளை ‘கிஸ்மஸ்’ என்று விழுங்கித் தாளத்தைப் பிடிக்கப் பார்க்கும். வரிக் கடைசியில் வையுங்கள், அங்கே இடம் உண்டு. வரி முதலில்தான் வேண்டும் என்றால் ஈழத்தார் சொல்லும் ‘நத்தார்’ இருக்கிறது. போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல், அளந்தாற்போல் நாலு மாத்திரை. அத்தை, கத்தரி, முத்து, தித்திப்பு என்று எதுகைக்கும் பஞ்சமில்லை.

முடிவுக்கு வருகிறேன், அதாவது உங்கள் முடிவுக்கு. ‘சொன்ன பேச்சைக் கேட்டால்தான் பரிசு’ என்ற இடத்தில் வாத்தியார் உள்ளே வந்துவிட்டார். அதுவரை தலையாட்டிய பிள்ளைக்கு, இவ்வளவு நேரம் இதற்காகத்தான் சிரிப்புக் காட்டினார்கள் என்று புரிந்துவிடும். கேள்வி இன்னும் ஒரு படி ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். எழுதுகிறவர் சிரிக்கவும் கூடாது. ‘குட்டிச் செல்லம்’, ‘ஹா ஹா’ எல்லாம் அடித்துவிடுங்கள். மான் கறியாவதைப் பற்றி முகத்தை மாற்றாமல் கவலைப்பட வேண்டும்.

மாட்டுத் தொழுவத்தையும் பாலகனையும் பற்றி எழுதலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தாராளமாக எழுதலாம். மாடு தும்மினால் பாப்பா விழித்துக்கொள்ளாதா என்று கேட்பதில் யார் மனமும் புண்படாது.

எழுதி முடித்ததும் நீங்கள் படித்துக் காட்டாதீர்கள். தாளை ஒரு பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, பென்சிலோடு பக்கத்தில் உட்காருங்கள். திக்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். இரண்டாம் முறையும் அதே இடத்தில் திக்கினால் சீரை மாற்றுங்கள், பிள்ளையைத் திருத்தாதீர்கள்.

அடுத்த கவிதைக்கு ஒரு கேள்வி தருகிறேன். கிறிஸ்துமஸ் வருவது புயல் காலத்தில். இங்கே புயல் எச்சரிக்கைக்கு நாலு வகுப்பு. மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்தால் எல்லோரும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்துத் தாத்தா வந்து சேர்ந்தால் யார் வீட்டில் மாட்டிக்கொள்வார், எத்தனை நாள், யார் பாயில் படுப்பார்? மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு இன்னொரு சந்தேகமும் வரும்: இந்தப் புயலுக்கு எந்த பெஞ்சு? எட்டு வரியில் அனுப்புங்கள்.