குனிந்து பார்த்து வாங்குங்கள்: ஸ்னூக்கர் உடை பற்றிய கேள்விகள்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. அடுத்த மாதம் ஒரு ஸ்னூக்கர் போட்டியில் விளையாடப் போகிறான். வெய்ஸ்ட்கோட்டும் (கையில்லாத இடுப்பளவுக் கோட்) போ டையும் (வில்போல முடிச்சிட்ட கழுத்துப் பட்டை) கட்டாயம் என்று சுற்றறிக்கையில் போட்டிருக்கிறார்கள். திருமண உடை வாடகைக்கு விடும் கடையில் முழு செட்டும் கிடைக்கிறது. வாடகைக்கு எடுக்கலாமா, தைப்பதுதான் நல்லதா?
(வாசகி, செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: தைத்துவிடுங்கள் அம்மா, வெய்ஸ்ட்கோட்டை மட்டும். நீளக்கை வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேண்ட்டும் வீட்டில் இருந்தால் அவையே போதும். அதற்கு முன் சுற்றறிக்கையை இன்னொரு முறை வாசியுங்கள். முதல் சுற்றுகளுக்குக் காலர் வைத்த டி-சட்டை போதும், பிந்திய சுற்றுகளுக்குத்தான் முழு உடை என்று வைப்பவர்களும் உண்டு. நிறம் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாடகை செட்டை வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. அது நிமிர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வதற்காகத் தைத்தது. அந்த வகை வெய்ஸ்ட்கோட் பலவற்றுக்கு முதுகுத் துணியே இருக்காது. கழுத்தில் ஒரு பட்டை, இடுப்பில் ஒரு பட்டை, அவ்வளவுதான். மேலே கோட் போட்டால் யாருக்கும் தெரியாது. டேபிள்மேல் குனிந்தவுடன் முன்பக்கம் நெஞ்சை விட்டு விலகித் தொங்கும். ஸ்னூக்கரில் கியூவின் (பந்தை அடிக்கும் கோலின்) முனையைத் தவிர வேறு எது பந்தில் பட்டாலும் ஃபவுல். உடையும் அதில் சேர்த்தி. குறைந்தது 4 புள்ளி எதிராளிக்குப் போகும். சிவப்பைக் குறிவைக்கும்போது சட்டைக் கை கறுப்புப் பந்தை உரசினால், கறுப்பின் மதிப்பான 7 புள்ளி.

ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான், மஸ்ஜிட் இந்தியா பக்கத்துத் துணிக்கடைகளில் சூட் துணி 150 செ.மீ. அகலத்தில் வரும். மகனின் உயரத்தைப் பொறுத்து வெய்ஸ்ட்கோட்டின் முன்பக்கத்துக்கு 75 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை, முதுகுக்கும் உட்புறத்துக்கும் லைனிங் 1 மீட்டர் வேண்டும். பேண்ட்டும் சேர்த்துத் தைப்பதானால் இன்னும் 1.25 மீட்டர் வாங்குங்கள். பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி விலைக்கு ஏற்றது, சுருங்காது. ஆனால் லைனிங்கை விஸ்கோஸில் கேளுங்கள். முழுப் பாலியஸ்டர் லைனிங் வேர்வையை உறிஞ்சாது. இரண்டு மணி நேர ஆட்டத்தில் முதுகில் ஒட்டிக்கொள்ளும். பளபளக்கும் சாட்டின் வேண்டாம். கியூ உரசும் இடத்தில் நூல் எழும்பிச் சீக்கிரமே அசிங்கமாகிவிடும்.

தையற்காரரிடம் போகும்போது மகனையும் கூட்டிப்போங்கள். நிற்கவைத்து அளவெடுத்த பிறகு, வெட்டும் மேசைமேல் ஷாட் அடிக்கும் நிலையில் குனியச் சொல்லி இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள். குனியும்போது முதுகுப் பக்கம் பல செ.மீ. நீளும். அந்த நீளத்தை விடாமல் தைத்தால் வெய்ஸ்ட்கோட்டுக்கும் பேண்ட்டுக்கும் நடுவே வெள்ளைச் சட்டை பிதுங்கும். நின்ற நிலையில் பேண்ட் பட்டைக்குக் கீழே 4 செ.மீ.யாவது மறைக்கும்படி கேளுங்கள். பேண்ட்டும் இடுப்புக்கு மேலேறி நிற்கிற மாதிரி இருக்கட்டும். தாழ்ந்த இடுப்புப் பேண்ட் இதற்குச் சரிவராது. பெல்ட் போடுவதானால் தட்டையான சிறிய பக்கிள் போதும். பெரிய உலோகப் பக்கிள் டேபிளின் மரச் சட்டத்தைக் கீறும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று அக்குள் வெட்டு. கியூ பிடிக்கும் கை முழங்கையிலிருந்து ஊஞ்சல்போல ஆட வேண்டும். வெட்டு மிக நெருக்கமாக இருந்தால் தோளில் இழுக்கும். கியூ நெஞ்சை ஒட்டிப் போகும் பக்கத்தில் பை வேண்டாம். கியூ முனையில் தேய்க்கும் சாக் கட்டி வைக்க மறுபக்கத்தில் கீழே ஒரு பை போதும். பொத்தான்கள் தட்டையாக இருக்கட்டும். உலோகப் பொத்தான் கியூவின் வார்னிஷைக் கெடுக்கும்.

வாங்கிக்கொள்ளும் நாளில் கண்ணாடிமுன் நின்று பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். சட்டை, பேண்ட், போ டை எல்லாம் போட்டு, கியூவோடு குனிந்து பத்துப் பதினைந்து முறை கையை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எது தொங்குகிறது, எது இழுக்கிறது, எது உரசுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

கேள்வி: போ டை போட்டால் எனக்குக் கழுத்து இறுக்குகிறது. கிளிப் வகை வாங்கினேன், குனிந்தால் கழன்று விழுகிறது. சாதாரண நீள டை போட்டால் என்ன?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: நீள டை டேபிளில் புரளும், பந்தைத் தொடும். போ டை இந்த ஆட்டத்துக்குப் பொருந்துவது அதனால்தான்.

உங்களுக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் காலராகத்தான் இருக்கும். ஷாட் அடிக்கையில் உடம்பு கிடையாகவும் முகம் நிமிர்ந்தும் இருக்கிறது. கழுத்தின் பின்புறம் மடங்குகிறது, முன்புறம் நீள்கிறது. கழுத்தைச் சுற்றி அளந்து, அதற்கு 2 செ.மீ. கூட்டிச் சட்டை வாங்குங்கள். பொத்தான் போட்ட பிறகு இரண்டு விரல் நுழைய வேண்டும். காலர் பட்டை உயரமாக இருந்தால் தாடையில் குத்தும். தாழ்ந்த பட்டையைத் தேடுங்கள். முனை மேல்நோக்கி நிற்கும் விங் காலர் இந்த ஆட்டத்துக்கு ஆகாது.

கிளிப் வகையை விடுங்கள். முன்பே கட்டி, கழுத்தைச் சுற்றிக் கொக்கியும் நீளம் கூட்டிக் குறைக்கும் பட்டையும் உள்ளதை வாங்குங்கள். முடிச்சு தடிமனாக இருக்கக் கூடாது. கியூ தாடைக்கு அடியிலேயே போகிறது. புடைத்த முடிச்சு அதைத் தட்டும்.

தோல் நோய், கழுத்துவலி என்று உண்மையான காரணம் இருந்தால் மருத்துவர் கடிதத்தோடு போட்டி நடத்துநரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஸ்காட்லாந்து வீரர் ஸ்டீபன் மகுவைர் அப்படி மருத்துவச் சான்றின் பேரில் போ டை இல்லாமல் ஆடியவர். போட்டி அன்று காலையில் போய்க் கேட்டால் நடுவருக்கும் சங்கடம், உங்களுக்கும் பதற்றம்.

கேள்வி: இரண்டு வருடம் அலமாரியில் இருந்த கறுப்புக் காலணியைப் போட்டேன். அடிப்பாகம் மாவுபோல உதிர்ந்துவிட்டது. போலிச் சரக்கா?
(வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: போலி என்று சொல்லிவிட முடியாது. பாலியூரித்தேன் அடிப்பாகம் காற்றில் உள்ள ஈரத்தால் மெல்ல மெல்லச் சிதையும். நம் ஊர் ஈரத்தில், அணியாமல் பெட்டியில் மூடி வைத்தால் தப்பிக்கும் என்பது தவறு, அங்கேயும் சிதையும். விலைக்கழிவில் வரும் பழைய இருப்பிலும் இதே ஆபத்து. அடுத்த முறை ரப்பர் அடிப்பாகம் கேளுங்கள். கடையில் கட்டை விரலால் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ வைத்துவிடுங்கள்.

வழுவழுப்பான தோல் அடிப்பாகமும் வேண்டாம். எட்டி அடிக்கும் ஷாட்டில் ஒரு கால் மேலே போகும், மற்றொன்று ஒற்றையாய்த் தரையில் நிற்கும். அடிக்கும் நேரத்தில் ஒரு காலாவது தரையில் பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபவுல். அந்த ஒரு கால் வழுக்கக் கூடாது. கணுக்கால் முறிந்த நிலையில் 2014 யு.கே. சாம்பியன்ஷிப்பில் இங்கிலாந்து வீரர் ரோனி ஓ'சலிவன் வழக்கமான கறுப்புத் தோல் காலணி இல்லாமலே ஆடிப் பட்டத்தையும் வென்றார். அது காயத்துக்காகக் கிடைத்த சலுகை.

கேள்வி: வெய்ஸ்ட்கோட்டில் நீலச் சாக் கறை. ஈரத் துணியால் துடைத்தேன், இன்னும் பரவிவிட்டது.
(வாசகி, ஜோர்ஜ்டவுன்)

பதில்: சாக் பொடி உலர்ந்திருக்கும்வரை துணியின் மேலேதான் உட்கார்ந்திருக்கும், தண்ணீர் பட்டால் இழைக்குள் இறங்கும். முதலில் நன்றாகக் காயவிடுங்கள். பிறகு மென்மையான துணி பிரஷ்ஷால் துணியின் இழைப் போக்கிலேயே ஒரே திசையில் தட்டித் தட்டி எடுங்கள். மிச்சத்துக்கு உலர்சலவைதான். பையில் சாக்கை வெறுமனே போடாமல் மூடியுள்ள சிறு டப்பியில் வையுங்கள்.

கேள்வி: தைக்கக் கொடுத்த வெய்ஸ்ட்கோட் அளவு சரியில்லை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ரசீதில் அச்சடித்திருப்பதாகச் சொல்லிக் கடைக்காரர் கைவிரிக்கிறார்.
(வாசகர், கிள்ளான்)

பதில்: அந்த வரி உங்கள் உரிமையைப் பறிக்காது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். எதற்காக வாங்குகிறீர்கள் என்று சொல்லியிருந்தால் அதற்கும் உதவ வேண்டும். தையல் போன்ற சேவையும் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் நடந்திருக்க வேண்டும். ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே "ஸ்னூக்கர் போட்டிக்கு, குனிந்து விளையாட" என்று ரசீதிலேயே எழுதி வாங்குவது பெரிய பலம். போட்டித் தேதியையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள்.

இப்போது முதலில் குறையைத் திருத்தித் தரச் சொல்லி, நாள் குறிப்பிட்டு வாட்ஸ்அப்பிலோ கடிதத்திலோ கேளுங்கள். குனிந்த நிலையில் படம் எடுத்து வையுங்கள். அதற்குள் வேறு தையற்காரரிடம் கொடுத்துப் பிரித்துவிடாதீர்கள்; குறையைக் காட்டச் சான்று இருக்காது. மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணம் கட்டி 1-ஆம் எண் பாரத்தைப் பதியலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிப்பார்கள். இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேச வேண்டும். காரணம் எழுந்து 3 வருடத்துக்குள் பதிய வேண்டும். விசாரணை நாளில் ரசீது, படங்கள், செய்திப் பிரதி ஆகியவற்றோடு அந்த வெய்ஸ்ட்கோட்டையும் கொண்டுபோங்கள்.