நட்சத்திர வீரர் நல்ல மேலாளர் ஆக முடியுமா? ஸ்டீவ் ஐசர்மனை வைத்து ஒரு பதில்

“ஐஸ் ஹாக்கியில் நட்சத்திரமாக இருந்தவர், பின்னாளில் அணியின் மேலாளராகவும் சிறக்க முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியின் ஸ்டீவ் ஐசர்மனை இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கவனித்து வருபவன் நான். அவரை மேலாளர் ஆக்கியது அவர் அடித்த கோல்கள் அல்ல, கோல் அடிப்பதைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்த ஆண்டுகள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

வேலைக்காக 2003-இல் மிச்சிகன் வந்தேன். அந்தக் குளிர்காலத்தில் அலுவலக நண்பர் ஒருவர் ரெட் விங்ஸ் ஆடும் ஜோ லூயிஸ் அரங்குக்கு அழைத்துப் போனார். எனக்கு விதிகள் தெரியாது. பக் (ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக இருக்கும் தட்டையான ரப்பர் வட்டு) எங்கே ஓடுகிறது என்பதே கண்ணுக்குப் பிடிபடவில்லை. மனத்தில் நின்றது ஐசர்மனின் 19-ஆம் எண் சட்டை மட்டும். எதிரணிக்காரர் மட்டையை ஓங்கியதும் அந்த மனிதர் ஒரு முழங்காலைப் பனியில் ஊன்றி, சீறி வந்த பக்குக்குக் குறுக்கே உடம்பைக் கொடுத்தார். எழுந்திருக்கச் சற்று நேரம் பிடித்தது. “அவருக்கு 38 வயது. முழங்கால் வலிக்காக எலும்பையே அறுத்துச் சரிசெய்திருக்கிறார்கள்” என்றார் நண்பர். அன்றிரவு வீடு திரும்பியதும் அவரைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

கனடாவில் பிறந்து ஒட்டாவா அருகே நெப்பியனில் வளர்ந்தவர். 1983 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், நான்காவதாக டெட்ராய்ட் அவரை எடுத்தது. 21 வயதில் கேப்டன். 1988-89 சீசனில் 65 கோல், 90 அசிஸ்ட் (சக வீரரின் கோலுக்குச் செய்த உதவி), மொத்தம் 155 புள்ளிகள். ஆனால் 1955-க்குப் பிறகு டெட்ராய்ட்டுக்கு வட அமெரிக்க ஹாக்கி சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை கிடைக்கவே இல்லை. 1993-இல் பயிற்சியாளராக வந்த ஸ்காட்டி போமன், கேப்டன் தற்காப்பிலும் அதே அளவு உழைக்க வேண்டும் என்றார். புகழின் உச்சியில் இருப்பவரிடம் இப்படிக் கேட்பது எளிதல்ல. போதாக்குறைக்கு, 1995-இல் அவரை ஒட்டாவா அணிக்குக் கைமாற்றிவிடப் போகிறார்கள் என்ற பேச்சும் பலமாக அடிபட்டது. ஐசர்மன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். புள்ளிகள் குறைந்தன. 1997-இல் கோப்பை வந்தது, 42 ஆண்டுகளுக்குப் பிறகு.

அந்தக் கொண்டாட்டம் ஆறு நாள்தான் நிலைத்தது. வீரர்கள் சென்ற கார் மரத்தில் மோதியதில் தற்காப்பு வீரர் விளாடிமிர் கான்ஸ்டான்டினோவின் ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது. மறு ஆண்டு வாஷிங்டனில் மீண்டும் கோப்பையை வென்றார்கள். ஐசர்மன் கோப்பையை வாங்கி, முதல் வேலையாகச் சக்கர நாற்காலியில் இருந்த கான்ஸ்டான்டினோவின் மடியில் வைத்தார். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. இன்றும் தொண்டை அடைக்கும்.

2002-இல் மூன்றாவது கோப்பை. அப்போது பனியில் விழுந்தால் மட்டையை ஊன்றித்தான் எழுவார். 2006-இல் ஓய்வு பெற்றபோது 1,514 ஆட்டங்கள், 692 கோல்கள், 1,755 புள்ளிகள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வட அமெரிக்க ஹாக்கியில் பொது மேலாளர் வேறு, பயிற்சியாளர் வேறு. இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது, ஒப்பந்தம் போடுவது, வீரர்களைக் கைமாற்றுவது, பயிற்சியாளரை அமர்த்துவது, இத்தனையையும் சம்பள உச்சவரம்புக்குள் அடக்குவது எல்லாம் பொது மேலாளரின் தலையில். ஐசர்மன் நேராக அந்த நாற்காலியில் போய் உட்காரவில்லை. டெட்ராய்ட்டில் துணைத் தலைவராக, கென் ஹாலண்டின் அருகில் இருந்து நான்கு ஆண்டுகள் தொழில் கற்றார். பெயர் பெற்ற வீரர்கள் பலரும் தாண்டிக் குதிக்க நினைக்கும் படி அது.

2010-இல் டாம்பா பே லைட்னிங் அணியின் பொது மேலாளர் ஆனார். 2011 டிராஃப்டில் 58-ஆவது இடத்தில் நிகிதா குச்செரோவ், 208-ஆவது இடத்தில் ஆண்ட்ரே பலாட். 2014-இல் 79-ஆவது இடத்தில் பிரைடன் பாயிண்ட். மற்ற அணிகள் மீண்டும் மீண்டும் கடந்துபோன பையன்கள். 2013-இல் பயிற்சியாளராக ஜான் கூப்பரைக் கொண்டுவந்தார். அணி 2015 இறுதிச் சுற்று வரை போய் சிகாகோவிடம் தோற்றது.

இடையில் ஒரு சோதனை. கனடாவின் ஒலிம்பிக் அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் அவருடையது. 2014 சோச்சி ஒலிம்பிக்குக்கு, தன் சொந்த டாம்பா அணியின் கேப்டனான மார்ட்டின் சான் லூயியின் பெயரை அவர் முதலில் சேர்க்கவில்லை. காயம்பட்ட இன்னொரு டாம்பா வீரர் ஸ்டாம்கோஸுக்குப் பதிலாகத்தான் சான் லூயி உள்ளே வந்தார். கனடா தங்கம் வென்றது. ஆனால் மனம் முறிந்த சான் லூயி தன்னை வேறு அணிக்கு மாற்றும்படி கேட்டார். மார்ச் மாதம் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போய்விட்டார். தானே ஒரு காலத்தில் கைமாற்றப்படும் விளிம்பில் நின்ற கேப்டன், இன்னொரு கேப்டனுக்கு இதைச் செய்ய நேர்ந்ததே என்று எனக்கு அன்று வருத்தமாக இருந்தது. ஆனாலும் நாட்டின் அணிக்கு ஆள் எடுக்கும்போது வேண்டியவர் என்று பார்க்காத அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

2018-இல் அவர் பதவியிலிருந்து விலகினார். டாம்பா 2020, 2021 என்று அடுத்தடுத்து கோப்பை வென்றபோது பொது மேலாளர் ஜூலியன் பிரிஸ்புவா. அணியைத் தாங்கிய குச்செரோவும் பாயிண்ட்டும் கோல் காப்பாளர் வாசிலெவ்ஸ்கியும் ஐசர்மன் காலத்தில் எடுக்கப்பட்டவர்கள். விதை போட்டவர் அறுவடைக்கு அங்கே இல்லை.

2019-இல் டெட்ராய்ட்டுக்கே பொது மேலாளராகத் திரும்பினார். முதல் சீசனில் அணி 71 ஆட்டங்களில் 17-இல்தான் வென்றது. அப்போதிருந்து 2025 வரை ஆறு சீசன்களில் ஒருமுறைகூட பிளேஆஃபுக்கு (கோப்பைக்கான இறுதிக்கட்ட ஆட்டங்களுக்கு) தகுதி பெறவில்லை. அவர் மீது குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024 கோடையில் தற்காப்பு வீரர் ஜேக் வால்மனை, கூடவே ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமையையும் சேர்த்து, சான் ஹோசேவுக்குக் கொடுத்தார். சில மாதங்களில் சான் ஹோசே அதே வால்மனை எட்மண்டனுக்குக் கொடுத்து ஒரு முதல் சுற்று உரிமையை வாங்கிக்கொண்டது. அது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். அதே கையால்தான், யாரும் எதிர்பாராத வகையில், 2019 டிராஃப்டில் ஆறாவது இடத்தில் மோரிட்ஸ் சைடரையும் எடுத்தார். சைடர் 2022-இல் சிறந்த புதுமுக வீரருக்கான கால்டர் விருதைப் பெற்றார்.

2024 ஏப்ரலில் சீசனின் கடைசி ஆட்டம் இன்னும் கண்முன் நிற்கிறது. எதிரணி மாண்ட்ரியல். கடைசி மூன்று விநாடிகளில் டெட்ராய்ட் கோல் போட்டுச் சமன் செய்தபோது நானும் என் மகளும் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தோம். அந்த ஆட்டத்தை வென்றும் பயனில்லை. பிளேஆஃபின் கடைசி இடத்துக்குப் போட்டியிட்ட வாஷிங்டனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் பட்டியலில் தலா 91 புள்ளிகள். கூடுதல் நேரத்துக்குப் போகாமல் வழக்கமான நேரத்திலேயே பெற்ற வெற்றிகளை எண்ணிப் பார்த்து வாஷிங்டன் உள்ளே போனது. மகள் தன் சிவப்புச் சட்டையைக் கழற்றாமலே தூங்கிவிட்டாள். முதுகில் 53, சைடரின் எண்.