பெரியப்பாவின் பழைய செமி-ஹாலோ கிற்றார்: கொழும்பு ஈரத்தில் எப்படிக் காப்பது, எப்படி வாசிப்பது?

கேள்வி: வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்கு அருகே மூன்றாம் மாடியில் வசிக்கிறோம். காலமான என் பெரியப்பா எழுபதுகளில் வாசித்த கிற்றார் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. சிவப்பு நிறம், வயலினில் இருப்பது போல இரண்டு துளைகள், உள்ளே ஒட்டிய செம்மஞ்சள் லேபலில் கிப்சன் ஈஎஸ்-335 டிடி என்று இருக்கிறது. பன்னிரண்டு வருடம் அலுமாரிக்கு மேல் பெட்டிக்குள் கிடந்தது. கம்பிகள் துருப்பிடித்துவிட்டன, அழுத்தி வாசிக்கக் கடினம், வால்யூம் திருகும்போது கரகரக்கிறது. நண்பரின் ஆம்பில் போட்டு வாசித்தபோது மைக்கில் உதடு பட்டுச் சுள்ளென்று கரண்ட் அடித்தது. ஏசி அறையில் வைக்கலாமா? கனடாவில் இருக்கும் அண்ணா அடுத்த வருடம் தன்னோடு கொண்டுபோக விரும்புகிறார். என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அந்தக் கரண்ட். அதைத் தீர்க்கும்வரை இந்தக் கிற்றாரை எந்த ஆம்பிலும் சொருக வேண்டாம்.

பழுது பெரும்பாலும் கிற்றாரில் இல்லை. மின்கிற்றாரில் ஆறு கம்பிகளும் அவற்றின் அடி முனைகளைப் பிடித்திருக்கும் உலோகத் துண்டான டெயில்பீஸ் வழியாக ஜாக்கின் எர்த் பக்கத்தோடும், அங்கிருந்து கேபிள் வழியாக ஆம்பின் உலோகச் சட்டத்தோடும் இணைந்தே இருக்கும். கம்பியைத் தொடுவதும் ஆம்பின் சட்டத்தைத் தொடுவதும் ஒன்றுதான். மைக்கோ மிக்ஸரின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. ஆம்புக்குச் சரியான எர்த் இல்லையென்றால் அந்த இரண்டுக்கும் இடையிலான வோல்ட் உங்கள் கை வழியே புகுந்து உதடு வழியே வெளியேறும். 230 வோல்ட் மின்சாரத்தில் இது உயிரை எடுக்கக்கூடியது.

கொழும்பின் பழைய வீடுகளிலும் சில மண்டபங்களிலும் இரண்டு காரணங்களை அடிக்கடி காணலாம். ஒன்று, எர்த் வயரே இழுக்கப்படாத பழைய 5 அம்பியர் பிளக் பொயின்ட். மற்றது, 13 அம்பியர் பொயின்டின் மேல் துளைக்குள் பேனாவையோ ஸ்க்ரூ டிரைவரையோ செருகி மூடியைத் திறந்து, இரண்டு பின் பிளக்கைத் திணிக்கும் பழக்கம். அப்படிச் செருகினால் எர்த் அறவே இல்லை. ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அழுத்தி "விழுகிறது, எனவே எர்த் சரி" என்று நினைக்காதீர்கள். எர்த் இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். எலெக்ட்ரீஷியன் ஒருவர் எர்த்தைத் தனியாக அளந்து பார்க்க வேண்டும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருப்பதும் அவசியம்.

பிறகு, வாசிக்கும் இடத்திலெல்லாம் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைக் கம்பியிலும் மற்றதை மைக்கின் வலையிலும் வையுங்கள். ஒன்று, இரண்டு வோல்ட் என்றால் பரவாயில்லை. பத்துக்கு மேல் காட்டினால் வாசிக்க வேண்டாம். டிஜிட்டல் மீட்டர் சில வேளை இல்லாத வோல்ட்டையும் காட்டும் என்பது உண்மை. ஆனால் உதட்டில் அடித்த பிறகு அந்தச் சமாதானத்துக்கு இடமில்லை. பெரியப்பாவின் பழைய ஆம்பும் எங்காவது கிடைத்து, பின்பக்கம் 117 வோல்ட் என்று எழுதியிருந்தால் அதை இங்குள்ள பொயின்டில் நேராகப் போடவே கூடாது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபோமர், மூன்று கோர் வயர், பழைய கெபாசிட்டர்களின் பரிசோதனை ஆகிய மூன்றும் முடிந்த பிறகே சுவிட்ச்.

இனி ஈரம். கொழும்பில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 75 முதல் 85 வீதம். கிற்றாருக்கு 45 முதல் 55 வீதம் நல்லது என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். பல தசாப்தங்கள் இந்த ஊர்க் காற்றில் வாழ்ந்த மரத்தை ஒரே வாரத்தில் 45க்கு இறக்கினால் விளிம்புப் பட்டிகள் விலகும், விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃபிரெட்டுகளின் நுனிகள் வெளியே துருத்தும். 55 முதல் 60 வீதத்தில் ஆடாமல் நிற்பதே உங்களுக்குப் போதும். அங்கு வந்து சேர ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈரமானி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது சொல்வதை அப்படியே நம்ப முடியாது. சோடா போத்தல் மூடி ஒன்றில் சமையல் உப்பை நிரப்பி, சில துளி தண்ணீர் விட்டு ஈர மணல் போலக் குழையுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத பையில் ஒன்றாக மூடி ஒரு இரவு வையுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75 வீதத்தில் நிற்கும். மானி 81 காட்டினால் அது 6 கூடக் காட்டுகிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பெட்டியைத் திறந்து காலியாக ஒரு மணி நேரம் வெயிலில் காயவிடலாம். கிற்றாரை வெயிலில் வைக்கக் கூடாது. காய்ந்த பெட்டிக்குள் 200 கிராம் அளவு சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி, தலைப்பகுதிக்குக் கீழே உள்ள இடத்தில் வையுங்கள். செம்மஞ்சள் நிற மணிகள் வாங்குவது நல்லது. ஈரம் குடித்து நிறம் மாறியதும் மின் அவன் அடுப்பில் 110 பாகையில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் திரும்பவும் பாவிக்கலாம். மானி 50க்குக் கீழே போனால் பாதியை வெளியே எடுங்கள். பூச்சி உருண்டை வேண்டாம். அந்த ஆவி பழைய பிளாஸ்டிக் பாகங்களுக்கு நல்லதல்ல, மணமும் பெட்டித் துணியை விட்டுப் போகாது.

ஏசி அறையில் வைக்கலாம், பெட்டிக்குள் மூடியபடி. இரவில் ஏசி, பகலில் திறந்த ஜன்னல் என்றால் சுவரில் மாட்டிய கிற்றார் ஒரு நாளைக்கு இரண்டு தடவை சுருங்கி விரியும். பெட்டி அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். ஏசியை 25, 26 பாகையில் வையுங்கள். இந்த ஊரில் பனிபடுநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 24 பாகை அளவில் இருக்கிறது. 20 பாகை அறையில் குளிர்ந்த கிற்றாரை பால்கனிக்கு எடுத்து வந்தால் ஐஸ் தண்ணீர்க் கிளாஸ் போல அதன் மேல் நீர் பூக்கும், கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பிக்கப்புகளின் மூடிகளும் ஸ்க்ரூக்களும் அங்கிருந்துதான் துருப்பிடிக்கத் தொடங்கும். வெளியே கொண்டுபோனால் பெட்டியை ஒரு மணி நேரம் திறக்காமல் வையுங்கள். காலி வீதியில் வெயிலில் நிறுத்திய காருக்குள் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். பழைய விலங்குப் பசை அந்தச் சூட்டில் இளகும்.

உங்களிடம் இருப்பது என்ன? 1958ல் கிப்சன் நிறுவனம் இந்த வகையை அறிமுகம் செய்தது. மேலும் பின்னும் ஒட்டுப்பலகை, நடுவில் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை ஓடும் திண்மையான மேப்பிள் கட்டை, இரு புறமும் வெற்றிடம். முழு ஹாலோ கிற்றார் மேடையில் ஊளையிடும் இடத்தில் இது தாக்குப்பிடிப்பதற்கு அந்தக் கட்டையே காரணம். கம்பிகளை உடலின் மேல் தாங்கும் பிரிட்ஜின் அதிர்வு மேல்பலகைக்கு முழுதாகப் போகாது. டோர்ச்சைத் துளைக்குள் காட்டினால் அதன் பக்கச் சுவர் தெரியும்.

வருடத்தை அறிய சீரியல் இலக்கத்தை நம்பாதீர்கள். அறுபதுகளில் அதே இலக்கங்களைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கிச் செல்லும் சிறு பட்டியை நட்டு என்பார்கள், அதன் அகலத்தை அளங்கள். ஏறத்தாழ 43 மி.மீ. என்றால் 1965க்கு முந்திய வடிவம், 40 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு என்றால் 1965ல் வந்த ஒடுங்கிய கழுத்து. டெயில்பீஸ் மேல்பலகையில் நேராக முடுக்கப்பட்டிருந்தால் பழையது. அடியில் மாட்டித் தொங்கும் சட்டம் என்றால் 1965ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ. சிறு கண்ணாடியைத் துளைக்குள் விட்டால் வால்யூம் பொட்டின் (குமிழுக்குக் கீழே உள்ள மின்தடைப் பாகம்) முதுகில் ஏழு இலக்கம் தெரியலாம். 1376642 என்றால் 137 தயாரித்த நிறுவனத்தின் குறி, 66 வருடம், 42 வாரம். கிற்றார் அதற்கு முந்தியது அல்ல என்று மட்டும் அது சொல்லும். கழுத்தின் பின்புறம், நட்டுக்குக் கீழே, மெல்லிய கோடு ஏதும் ஓடுகிறதா என்றும் பாருங்கள். தலை உடைந்து ஒட்டியிருந்தால் விற்பனை விலையில் பாதி போய்விடும். வாசிப்பதற்கு அது தடையில்லை.

துடைக்க ஈரம் மட்டும் காட்டிய பருத்தித் துணி போதும். இந்த லாக்கர் நைட்ரோசெலுலோஸ். ஸ்பிரிட் பட்டால் கரையும், ரப்பர் பொருத்திய ஸ்டாண்டில் நாள்கணக்கில் நின்றால் தழும்பு விழும். வலைபோன்ற மயிர் வெடிப்புகள் வயதின் அடையாளம், அவற்றை மறைக்கத் திரும்ப வர்ணம் அடித்தால் கிற்றாரின் மதிப்பே போய்விடும். விரல்பலகைக்கு வருடம் ஒரு தடவை இரண்டு மூன்று துளி மினரல் எண்ணெய். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம், அவை பிசுபிசுத்துக் கெட்ட மணம் எடுக்கும்.

கம்பி மாற்றும்போது ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அவிழ்த்தால் பிரிட்ஜ் கழன்று விழும், தொங்கும் டெயில்பீஸ் லாக்கரைக் கீறிவிடும். அடியில் மடித்த துணி ஒன்று வைப்பது எப்படியும் நல்லது. 10 முதல் 46 வரையான தடிப்புள்ள (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில்) செட் எடுத்து, வழமையான சுருதிக்கு ஏற்றி ஒரு நாள் விடுங்கள்.

மறுநாள், முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, தடித்த கம்பியைக் கழுத்து உடலோடு சேரும் இடத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாம் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடைவெளியைப் பாருங்கள். 0.2 முதல் 0.3 மி.மீ. இருக்க வேண்டும். தடித்த விசிட்டிங் கார்ட் ஒன்று மட்டுமட்டாக நுழையும் அளவு. கூடுதலாக இருந்தால் தலையில் உள்ள சிறு மூடியைக் கழற்றி, கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பியான டிரஸ் ரொட்டின் திருகு நட்டை வலப்பக்கம் கால் சுற்றுத் திருகுங்கள். கிப்சனுக்கு 5/16 அங்குல பொக்ஸ் சாவி வேண்டும், குறடு ஆகாது. திருகும் முன் கம்பிகளைத் தளர்த்துங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் போகாதீர்கள். நட்டு இறுகி அசையவில்லையென்றால் ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். ரொட் முறிந்தால் விரல்பலகையைக் கழற்றித்தான் சரிசெய்ய முடியும். இந்த ஒரு வேலையில் சந்தேகம் இருந்தால் கைதேர்ந்தவரிடம் கொடுப்பதே மேல்.

அதன் பிறகுதான் பிரிட்ஜின் உயரம். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தடித்த கம்பிக்கு 2 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 1.5 மி.மீ. வைத்துத் தொடங்கலாம். நடுவிலுள்ள இரண்டு கம்பிகள் மட்டும் பதிந்து இரைந்தால் பிரிட்ஜ் நடுவில் தொய்ந்திருக்கிறது. இந்த வகைப் பிரிட்ஜுக்கு அது வழமையான நோய், உருக்கு அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால் தெரியும். கடைசியாக, பன்னிரண்டாம் ஃபிரெட்டின் ஹார்மொனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டும் சுரம்) அழுத்திய சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடினால் பிரிட்ஜில் அந்தக் கம்பியைத் தாங்கும் சிறு துண்டான சாடிலை டெயில்பீஸ் பக்கம் நகர்த்துங்கள்.

கரகரப்புக்கு பொட்டுகளை மாற்றத் தேவையில்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் இலத்திரனியல் கடைகளில் கன்டக்ட் கிளீனர் கேளுங்கள். துரு நீக்கும் ஸ்பிரே வேறு, அது வேண்டாம். மெல்லிய குழாயைத் துளை வழியே விட்டு, பொட்டின் கால்களுக்கு மேலுள்ள இடுக்கில் அரை வினாடி அடித்து, குமிழை முப்பது தடவை இரு பக்கமும் திருப்புங்கள். பெரும்பாலும் இத்தோடு தீரும். தீராவிட்டால் வயரிங் முழுவதையும் துளை வழியே வெளியே எடுக்க வேண்டி வரும். அப்போது ஒவ்வொரு பொட்டின் தண்டிலும் நட்டைக் கழற்றும் முன் தனித்தனி நிறத்தில் நூல் கட்டுங்கள். அந்த நூலை இழுத்துத்தான் அவற்றைத் திரும்ப அதே துவாரங்களுக்கு வரவைக்க முடியும். ஜாக் தளர்ந்திருந்தால் வெளி நட்டை மட்டும் முடுக்காதீர்கள். உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுழன்று வயரை அறுக்கும். துளைக்குள் விரல் விட்டு ஜாக்கைப் பிடித்துக்கொண்டு முடுக்குங்கள்.

பிக்கப்புகள் உயிரோடு உள்ளனவா என்று அறிய கேபிளைச் சொருகி, வால்யூமை முழுதாக ஏற்றி, மறுமுனையில் மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் 7 முதல் 9 கிலோ ஓம் அளவில் காட்டினால் நல்லது. வாசிப்பு அதைவிட வெகுவாக விலகினால் சுருளோ வயரோ அறுந்திருக்கலாம், இல்லை எங்காவது முட்டியிருக்கலாம். கம்பியைத் தொட்டாலும் இரைச்சல் மாறவே இல்லையென்றால் டெயில்பீஸுக்குப் போகும் எர்த் வயர் விட்டுப்போயிருக்கிறது. ஜாக்கின் வெளிப்பக்கத்துக்கும் டெயில்பீஸுக்கும் இடையே ஏறத்தாழ பூச்சிய ஓம் இருக்க வேண்டும். பிக்கப்பின் உலோக மூடியின் ஈயத்தை மட்டும் யாரையும் உருக்க விடாதீர்கள்.

கடற்காற்று உங்கள் வீட்டுக்கு நேரே வருகிறது. வாசித்து முடித்ததும் கம்பிகளையும் பிரிட்ஜையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வையுங்கள். சுவரில் மாட்டி அழகு பார்க்க வெள்ளவத்தை ஏற்ற இடமல்ல.

கனடாப் பயணத்துக்கு இப்போதே விசாரிக்கத் தொடங்குங்கள். அறுபதுகளின் நடுப்பகுதிவரை கிப்சனின் விரல்பலகைகளில் பிரேசில் ரோஸ்வுட் வழமை. அந்த மரம் 1992 முதல் அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் இருக்கிறது, பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் செய்யலாம். இந்திய ரோஸ்வுட் என்றால் முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் விலக்கு உண்டு. எந்த மரம் என்பதைத் தெரிந்தவரிடம் எழுத்தில் வாங்கி, வனஜீவராசிகள் திணைக்களத்திடம் பயணத்துக்குப் பல மாதம் முன்பே கேளுங்கள். அண்ணாவிடம் கொடுக்கும் நாளில் கம்பிகளை ஒரு சுரம் தளர்த்தி, தலை எங்கும் முட்டாதபடி கழுத்துக்குக் கீழே சுருட்டிய துணி வையுங்கள். கழற்றிய பழைய ஸ்க்ரூ, சுருங்கிப்போன டியூனர் குமிழ், உடைந்த துண்டு எதுவானாலும் பெயர் எழுதிய பையில் போட்டு அதே பெட்டிக்குள் அனுப்புங்கள். சிலிக்கா ஜெல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். கனடாவின் குளிர்காலத்தில் அந்த மரத்துக்கு வேண்டியது ஈரம்.